எந்த மைல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நேற்று ரயில் நிலையத்தில் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. வண்டி ஊதிவிட்டது, கூட்டம் தள்ளிவிட்டது என்றெல்லாம் எழுதினால் நீயே சிரிப்பாய். வண்டி கிளம்ப ஏழு நிமிடம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன பூச்சி, மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? நான் என்ன சாமியாராவா போறேன்?" என்று கேட்டாய். நான் மடங்கியிருந்த உன் காலரைச் சரிசெய்தேன்.

உன்னோடு அந்தப் பெட்டியில் ஏறியவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என்ன விளங்கியது என்று எழுதக்கூடாது. எழுதினாலும் கறுப்பு மையோடுதான் உன்னிடம் வரும். அதனால் வீட்டுக் கதை ஒன்று எழுதுகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் பாதகமில்லை.

அப்பா தபால் கப்பலில் வேலை பார்த்த நாட்களில், நம் வீட்டிலிருந்து கலங்கரை விளக்கம் எவ்வளவு தூரம் என்று அவருக்கும் அம்மாவுக்கும் ஒரு சண்டை ஓடும், நினைவிருக்கிறதா? அப்பா ஆறு மைல் என்பார். அம்மா ஏழு என்பாள். "கடல்ல மைல் பெரிசு, டீச்சரம்மா" என்பார் அப்பா. "ஆமாம், உங்க கடல்ல எல்லாமே பெரிசுதான், பேச்சு உட்பட" என்பாள் அம்மா. இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று நமக்குத் தெரிய எத்தனை வருடம் ஆயிற்று!

நான் அம்மா பிள்ளை. எப்போது எண்ணினாலும் அம்மாவின் மைலில்தான் எண்ணுவேன். எங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அம்மா பிள்ளைகள்தான். நீ இப்போது அப்பாவின் வீட்டுக்குப் போகிறாய். அங்கே என் கையெழுத்தை எதிலாவது பார்த்தால் இதை நினைத்துக்கொள். இரண்டு முறை நினைத்துக்கொள்.

அம்மா நலம். உன் அறையைப் பூட்ட வேண்டாம் என்கிறாள்.

உன் தங்கை


மார்ச் 8

அடி பூச்சி,

உன் லெட்டர் நேத்து கெடச்சுது. நான் நல்லா இருக்கேன். எங்க இருக்கேன்னு எழுதினா தணிக்கைக்காரர் மை தடவ ஆரம்பிச்சிடுவாரு, பாவம் அந்த மனுஷனுக்கு ஏன் வேலை வெக்கணும்.

உனக்கு என்ன ஆச்சு? ஸ்டேஷன்ல ஊமை மாதிரி நின்னே. இப்ப லெட்டர்ல அப்பா, அம்மா, கலங்கரை விளக்கம். புத்தகம் படிச்சுப் படிச்சு உனக்கு நேரா பேசவே வராம போச்சு. வீட்ல ஏதாவது பிரச்சனைன்னா நேரா எழுது, சுத்தி வளைக்காதே.

இங்க கூட்டாளிங்க நல்லா அமைஞ்சிருக்காங்க. ஒருத்தனுக்குக் கொக்குன்னு பேரு வெச்சிருக்கோம். ஆறடி மூணு அங்குலம், கழுத்து மட்டும் ஒரு அடி. எங்கள்ல யாருக்காவது காய்ச்சல் கீய்ச்சல் வந்தா அந்த எடத்துல அவன் ஏறணும், இல்லேன்னா சும்மா உக்காந்திருக்கணும். "நான் உபரிடா, என்னைத் தொடாதீங்க, தேய்ஞ்சிருவேன்"னு சொல்லிட்டுத் திரியறான். அவங்க அம்மா தையல்காரங்க. ஒரே பிள்ளை. மாசம் ஒரு சட்டை தச்சு அனுப்பறாங்க. இவன் வளந்துட்டான்னு அவங்க மனசு ஒத்துக்கவே மாட்டேங்குது போல, எல்லாச் சட்டையும் தொப்புளோட நின்னுடுது.

உன் லெட்டரைத் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு, "உன் தங்கச்சி எழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்குடா"ன்னான். கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள மடிச்சு வெச்சுட்டேன்.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லு.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

பத்திரிகை முழுவதும் நீங்கள்தான். பன்னிரண்டு கனரகக் குண்டுவீச்சு விமானங்கள், விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து. எட்டவே முடியாது என்று எதிரி நம்பியிருந்த தலைநகரம், பட்டப்பகல். அவ்வளவு பெரிய விமானம் அந்தத் தளத்திலிருந்து எழும்பிவிடலாம், திரும்பி அதில் இறங்க முடியாது. அதையும் ஒரு சாகசமாகவே எழுதியிருக்கிறார்கள். குண்டு போட்டுவிட்டு எங்கே போய் இறங்கினீர்கள் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான்கு பத்திரிகை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் பிரிவில் எல்லோரும் கைதட்டினார்கள். தராசு சார் மேஜை மேல் ஏறாத குறை. (எங்கள் பிரிவுத் தலைவரை, எடை போடுகிறவர் என்பதால், அப்படிச் சொல்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்.) "நம்ம எடைதாம்மா பறந்திருக்கு!" என்றார். உண்மைதான். இந்த விமானங்கள் குட்டையான ஓடுபாதையிலிருந்து எழும்ப வேண்டும், இளைக்க வையுங்கள் என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இருக்கை மெத்தை, கருவிப் பெட்டி, இரண்டாவது தண்ணீர்க் குடுவை, கடைசியில் ரேடியோ. ஒவ்வொன்றையும் கழற்றி எடை போட்டு எழுதினேன். மிச்சப்பட்ட எடைக்குப் பெட்ரோல் ஏற்றினார்கள். அந்தப் பெட்ரோலில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற அட்டவணையையும் நான்தான் கணக்கிட்டு, என் கையாலேயே ஸ்டென்சிலில் எழுதினேன். பதின்மூன்று பிரதி.

மருந்துக்கடைக்காரர் தெருவில் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பெத்தா இப்படிப் பெக்கணும் டீச்சர்!" என்றாராம். அம்மா சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "போனவங்க எல்லாரும் பத்திரம்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். அவள் கண்ணாடி உடைந்து சரிசெய்யக் கொடுத்திருக்கிறது. அவளால் படிக்க முடியாது.

"போட்டிருக்கும்மா" என்றேன்.

நீ இதைப் படிக்கும் நாளில் என்னைத் திட்டி எழுது. உன் கையெழுத்தில் எது வந்தாலும் போதும்.

உன் தங்கை


ஜூன் 2

பூச்சி,

உயிரோட இருக்கேன். ராணுவம் போட்ட அந்த நாலு வரி அட்டை வந்திருக்கும். இது அது இல்ல. இதை எங்க விமானத்து மெக்கானிக் அண்ணன் கையில குடுத்தனுப்பறேன். அவருக்கு ஒரு கால் போயிடுச்சு, அதனால வீட்டுக்கு விட்டுட்டாங்க. எனக்கு இடது கையில மூணு விரல்தான் போச்சு, அதனால ஆஸ்பத்திரியிலேயே வெச்சிருக்காங்க. யாரும் வந்து பாக்கக்கூடாதாம், லெட்டரைப் பிரிச்சுப் பாப்பாங்களாம். படிச்சதும் இதை எரிச்சுடு.

நீ என்ன சொல்ல வந்தேன்னு கப்பல் கெளம்பி நாலாம் நாள்தான் மண்டையில ஏறுச்சு. அட்டவணையைக் குடுத்தாங்க. பாத்ததும் உன் எழுத்து. ‘மைல்’னு மொட்டையா தலைப்பு, தரை மைல்னு இல்ல. சுவத்துல கப்பல்காரங்க வரைபடம், அதுல எல்லாமே கடல் மைல். அவங்க நூறுன்னா நமக்கு நூத்திப் பதினஞ்சு. உன் அட்டவணைப்படி போனா பெட்ரோல் நடுவழியில கையை விரிச்சுடும். அப்பாவோட வீடு! அடிப்பாவி, அப்பா மைல்ல எண்ணுற கப்பலைத்தான் சொல்லியிருக்கே.

மேல சொல்லியிருக்கணும். சொன்னா அட்டவணை போட்டது யாருன்னு கேப்பாங்க. போர்க்காலத்துல தப்புக் கணக்குக்கு வேற பேரு வெப்பாங்க பூச்சி, சதின்னு. அதோட உன் லெட்டர் என் பையில இருக்கு. தப்புன்னு தெரிஞ்சும் மேல சொல்லாம இருந்தேன்னு நீ உன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கே. அதைக் கிழிச்சுக் கடல்ல போட்டேன். அப்புறம் என்னை மாதிரி விமானத்துக்கு வழி கணக்குப் போடற ஒவ்வொரு நேவிகேட்டரா பாத்து, "கப்பல்காரன் மைல் பெரிசுடா, மறந்துட்டுப் போய் நீச்சல் அடிக்காதீங்க"ன்னு ஜோக்கா சொல்லி, அவனவன் தாள்ல பென்சிலால திருத்த வெச்சேன். என்னோட சேத்துப் பன்னெண்டு பேர். யாரும் பெரிசா எடுத்துக்கல.

கொக்குகிட்ட சொல்லல. அவன் வாந்தி எடுத்துட்டுப் படுத்திருந்தான். அவனுக்குத் தாளும் குடுக்கல, பறந்தாத்தான் குடுப்பாங்க. உபரிதானே, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன்.

கெளம்ப வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முந்தியே எதிரியோட மீன்பிடிப் படகு ஒண்ணு எங்களைப் பாத்துடுச்சு. எதிரி கரைக்கு நானூறு மைல்ல கெளம்ப வேண்டியவங்க அறுநூத்தி ஐம்பதுல கெளம்பினோம். காலையில எட்டு மணி, தளம் முழுக்கத் தண்ணி, கப்பல் ஏறி எறங்குது. கடைசி விமானத்து நேவிகேட்டர் கதவுல கையை நசுக்கிக்கிட்டான். அவனைத் தூக்கிட்டுப் போனாங்க, திருத்தின தாள் அவன் பாக்கெட்டோட போச்சு. கொக்கு ஓடி வரான். கையில புதுத் தாள், ஒரு பென்சில் கீறல் கூட இல்ல. கத்தினேன். பன்னெண்டு விமானத்து எஞ்சின் சத்தம். அவன் நான் வாழ்த்துச் சொல்றேன்னு நெனச்சுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

தளத்து அதிகாரி எனக்குப் பத்தடியில நின்னாரு. அவர் கொடியைக் கீழ போட்டா எல்லாம் நின்னுடும். அரை நிமிஷம் அவரையே பாத்துட்டு நின்னேன். நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏணியில ஏறி உள்ள போயிட்டேன்.

அந்த ஊர்ல ஒரு மொட்டை மாடியில பொம்பளை ஒருத்தி துணி காயப்போட்டுட்டு இருந்தா. அவ்வளவு தாழப் பறந்தோம். அவங்க விமானம்னு நெனச்சுக் கையை ஆட்டினா. அடுத்த தெருவுலதான் எங்க குண்டு விழுந்துச்சு.

குண்டு போட்டுட்டுப் போறப்ப நாங்க பதினோரு விமானமும் பெட்ரோல் போதாதுன்னு தெரிஞ்சு, பக்கத்துல இருந்த கரைக்குத் திருப்பிட்டோம். மணல்ல, சேத்துல, எங்க முடியுமோ அங்க விழுந்தோம். கொக்குவோட தாள்ல மட்டும் நாங்க எறங்க வேண்டிய தூரத்து விமானதளம் வரைக்கும் பெட்ரோல் இருந்துச்சு. நேரா போனாங்க. எங்கள்ல யார்கிட்டயும் ரேடியோ இல்ல, கூப்பிட்டுச் சொல்ல.

கரைக்கு எண்பது மைல் இருக்கறப்ப விழுந்திருக்காங்க. அஞ்சு பேர்.

அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

மெக்கானிக் அண்ணன் வியாழக்கிழமை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

நீ உன் அரை நிமிடத்தை எழுதிவிட்டாய். என்னுடையது அதைவிட நீளம். உன்னை வண்டி ஏற்றிய மறுநாள் காலை தராசு சாரின் அறைக்குப் போனேன். இரவு முழுவதும் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியம்: "மைல் என்று போட்டிருக்கிறோமே சார், அது எந்த மைல் என்று போடவில்லை." அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "என்னம்மா?" என்றார். "மை..." என்றேன். உன் பெட்டியில் ஏறிய கடற்படைக்காரர்களைப் பார்த்து நானாக ஊகித்த கப்பல் விஷயம் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. எப்படித் தெரிந்தது என்று முதலில் அதைத்தான் கேட்பார். "மை என்ன?" என்று நிமிர்ந்தார். "மை தீர்ந்துவிட்டது சார்" என்றேன். இழுப்பறையிலிருந்து ஒரு புட்டி எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்கெல்லாம் அந்த மையில்தான் எழுதினேன். அதற்குப் பிறகுதான் உனக்கு அப்பா, அம்மா கதை.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. கொக்குவின் அம்மா நேற்று எங்கள் அலுவலக வாசலுக்கு வந்தார்.

"கூட இருக்கற பையனோட தங்கச்சி இங்க வேலை பாக்குதுன்னு எழுதியிருந்தான். அது நீதானாம்மா?" என்று கேட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எடுத்துவைக்க மறந்து வந்திருக்கிறார். பையிலிருந்து ராணுவக் கடிதத்தை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நான்காகக் கிழியும் நிலையில் இருந்தது. ‘நேவிகேட்டரின் கணக்குப் பிழையால் விமானம் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த ஐவரும் மாண்டனர்.’

"நீ படிச்ச பொண்ணு. இது சரியான்னு பாத்துச் சொல்லு. எட்டு வயசுலயே எனக்குத் துணி அளந்து குடுப்பான்மா. அரை விரக்கடை பிசகினதில்ல. மத்த நாலு வீட்டுக்கும் இதையேதான் எழுதியிருக்காங்க. விமானம் ஓட்டின பையனோட அப்பா வந்து, வாசல்ல நின்னு, உன் மகன்தான் என் பையனைக் கொன்னான்னு கத்திட்டுப் போறாரு. யாரும் துணி குடுக்க வரதில்ல. அவன் செஞ்சிருந்தா செஞ்சான்னு தாங்கிக்குவேன். செஞ்சானா?"

"பார்க்கிறேன் அம்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை நான் உருவிக்கொண்டேன்.

செய்யாத பிழைக்கு அவன் பெயர். அதைத் திருத்த வேண்டும். நான் சொல்லப் போகிறேன். உன் பெயரை இழுக்க மாட்டேன்.

உன் தங்கை


ஜூன் 25

ஏய்,

வார்டு ஆயா கையில குடுத்து வெளித்தபால்ல போடச் சொல்றேன். இதையாவது ஒழுங்கா எரி.

வாயை மூடிட்டு இரு. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், இருக்கற ஏழு விரலால.

உன் பெயரை இழுக்க மாட்டேன்னு எவ்வளவு சுலபமா எழுதிட்டே! அட்டவணை தப்புன்னு நீ சொன்னதும் அடுத்த கேள்வி என்ன? அப்ப பதினோரு விமானம் எப்படித் தப்பிச்சதுன்னு. யார் திருத்தினாங்கன்னு. மத்தவனெல்லாம் வாயைத் திறக்கல, ஏன்னா எல்லாருக்கும் பதக்கம் எழுதியாச்சு. கேட்டா என்னைத்தான் கை காட்டுவாங்க. காட்டாம? நான்தானே சொன்னேன்.

கொக்கு என் சிநேகிதன்டி. உனக்கு அவன் என் லெட்டர்ல ரெண்டு பத்தி. எனக்கு அவன் பக்கத்துக் கட்டில். அவனுக்காக அழுவற உரிமை எனக்கு இருக்கு, நீ எனக்கு நியாயம் சொல்லித் தர வேண்டாம். செத்தவனுக்குப் பேரு கெட்டா அவனுக்கு வலிக்காது. அந்தம்மாவுக்கு வலிக்கும், தெரியும். என்னை உள்ள தள்ளினா நம்ம அம்மாவுக்கும் வலிக்கும். எந்த அம்மான்னு கேட்டா நான் நம்ம அம்மான்னுதான் சொல்வேன். நீயும் அதையே சொல்லு.

உனக்கு மனசு லேசாகணும், அதானே? அதுக்கு என் தலையைக் கேக்காதே.


ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன்.

மனசு லேசாகத்தானே என்று கேட்டிருந்தாய். பத்து நாள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். ஆமாம், அதுவும் உண்டு. அது மட்டும் என்றால் நான் போயிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிச்சயமாகத் தெரியாததை எழுதக் கூடாது.

தராசு சார் கதவைச் சாத்தினார். நான் ஸ்டென்சிலின் மூலப் பிரதியை மேஜையில் வைத்தேன். தலைப்பில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதுல என் கையெழுத்தும் இருக்கேம்மா" என்றார். அதுவரை அது என் நினைவிலேயே இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் ஒப்பமிட்டிருந்தார். மாலையில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள்.

தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவர் எழுதிக்கொண்டார், மற்றவர் கேட்டார். நீ சொன்ன அதே கேள்வி, நீ சொன்ன அதே வரிசையில். யாரோ கப்பலில் திருத்தினார்கள் என்றேன். "யாரோன்னா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் பொய்களெல்லாம் இதுவரை மை, பத்திரிகை போன்ற சின்னப் பொருள்களைப் பற்றியவை, பெரியதற்குப் பழக்கமில்லை. வீட்டைச் சோதனை போடுவோம் என்றார்கள். அம்மாவின் எதிரில் அலமாரியைக் கவிழ்ப்பார்கள் என்று நினைத்தேன்.

உன் ஜூன் 2 கடிதத்தை நான் எரிக்கவில்லை. எரிக்க இரண்டு முறை அடுப்படி வரை போனேன். நீ பிழைத்து எழுதிய முதல் கடிதம் அது. என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்தால் தவறு எங்கே தொடங்கியது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்வேன்.

உன் தங்கை


ஜூலை 15

குடுத்துட்டியா. சரி.

நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறாங்க. அம்மாகிட்ட பயிற்சின்னு சொல்லு.


நவம்பர் 12

அண்ணா,

சிறைக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டுமாம். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உன் தண்டனை நான்கு வருடம் என்று வந்த அன்று என்னிடம், "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரின்னு சொல்லவும் வரல. என்னைக் கொஞ்ச நாள் கூப்பிடாதே" என்றாள். ஒரே சமையலறையில்தான் இருக்கிறோம். உப்பு வேண்டுமென்றால் டப்பாவை என் பக்கம் தள்ளிவைக்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு நான்கு எழுதிவிட்டேன். நீ பதில் போட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை.

விசாரணை அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அதில் சேர்க்கப்படவில்லை. அட்டவணை பற்றி ஒரு வரியும் இல்லை. தராசு சாருக்குப் பதவி உயர்வு வந்து வேறு ஊர் போய்விட்டார். என்னை நூலகப் பிரிவுக்கு மாற்றினார்கள், வேலையிலிருந்து நீக்கவில்லை. ஏன் நீக்கவில்லை என்று கேட்டேன். "எதற்காக நீக்குவது?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

‘நேவிகேட்டரின் கணக்குப் பிழை’ என்ற வரியை எடுத்துவிட்டார்கள். கொக்குவின் அம்மாவுக்கும் மற்ற நான்கு வீடுகளுக்கும் புதுக் கடிதம் போயிருக்கிறது. சக நேவிகேட்டர் ஒருவர் உயிர் காக்கும் தகவலை வேண்டுமென்றே மறைத்ததால் ஐவரும் மாண்டனர் என்று அதில் இருக்கிறது. உன் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறார்கள். என் பெயர் இல்லை.